பதிவேட்டில் ஏறாத பாம்புக்கடிகள்

வடக்கு நைஜீரியாவில், ஒரு கிராமப்புற மருத்துவமனையில் நான் வேலை பார்த்தபோது, முதல் மழை விழுந்ததுமே செவிலியர் புதுக் கண்ணாடிக் குழாய்களை எண்ணி எடுத்து வைப்பார். மழை என்றால் விதைப்பு, விதைப்பு என்றால் பாம்புக்கடி. அங்கே களைக்கொத்துக்குக் குட்டைப் பிடிதான். குனிந்து கொத்துபவரின் கையும் காலும் மண்ணை ஒட்டியே இருக்கும். அதே மண்ணில்தான் நம்மூர் சுருட்டை விரியனின் பங்காளியான மேற்கு ஆப்பிரிக்க விரியனும் படுத்திருக்கும்.

ஒருநாள் காலையில் ஒரு விவசாயியை மோட்டார் பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். கடித்தது முந்தின நாள் மாலை. ஈறில் ரத்தம் கசிந்தது. கெண்டைக்காலில் கயிறு, வழியெல்லாம் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். கடிவாயில் கறுப்பாக ஒரு கல், நம்மூர் விஷக்கல் மாதிரியே.

இரண்டு மில்லி ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்தோம். (பிளாஸ்டிக் குழாய் ஆகாது. சோப்பு போட்டுக் கழுவியதும் ஆகாது; நல்ல ரத்தமே உறையாமல் ஏமாற்றிவிடும்.) சாய்த்தால் தண்ணீராக ஓடியது. விஷம் உறைதலைக் குலைத்துவிட்டது என்று அர்த்தம்.

கூட வந்த தம்பி சொன்னார், போன வருஷம் இவர்களின் சித்தப்பாவையும் பாம்பு கடித்ததாம். நாட்டு வைத்தியரிடம் காட்டிவிட்டு வீட்டிலேயே இருந்து இறந்துபோனார். எங்கள் பதிவேட்டில் அவர் இல்லை. ஆப்பிரிக்காவில் சிகிச்சை தேவைப்படும் கடிகள் ஆண்டுக்கு 4.35 லட்சத்திலிருந்து 5.8 லட்சம் வரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருத்துவமனை வாசலை மிதித்தவர்களை மட்டும் எண்ணினால் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

‘நம்மூர் மருந்தை அனுப்பினால் என்ன?’ என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. சென்னைக்குப் பக்கத்தில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்து பெருமளவு தயாராவது. பங்காளியே ஆனாலும் அந்த ஊர் விரியனின் விஷம் வேறு. கானாவின் ஒரு கிராமப்புற மருத்துவமனையில், ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கான மருந்தை விட்டு வேறு மருந்துக்கு மாறியதும் இறப்பு 1.8 சதவீதத்திலிருந்து 12.1 ஆக ஏறியது. அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பும் 2014இல் நின்றுபோனது.

பூட்ஸ் போடச் சொல்வது எளிது. எங்களிடம் வந்தவர்களில் பலர் வெறுங்காலோடு வந்தவர்கள். அதனால் நான் சொல்வது கொஞ்சம்தான்: கட்டாதீர்கள், கீறாதீர்கள், மோதிரம், காப்பு எதுவானாலும் கழற்றிவிடுங்கள், கடிபட்ட காலை அசைக்காமல் உடனே கிளம்புங்கள்.

அந்த விவசாயி வந்தது எங்களிடம் சரியான மருந்து இருந்த வாரம். மருந்து கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துக் குழாயைச் சாய்த்தேன். ரத்தம் கட்டியாக நின்றது. ஆனால் கயிறு கட்டிய காலில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அவற்றை எடுக்க வேண்டியதாயிற்று.