ஸ்மார்ட் வோச்சின் முதுகில் எரியும் பச்சை வெளிச்சம்

கிழக்கிலங்கையில் கல்முனையிலோ காத்தான்குடியிலோ போன் கடை ஒன்றுக்குள் நுழைந்தால், கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டு முழுக்க ஸ்மார்ட் வோச்தான். விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி இலட்சத்தைத் தாண்டிப் போகிறது. கத்தாரில் இருந்தோ சுவிஸில் இருந்தோ லீவில் வருகிறவர்களின் பெட்டிக்குள்ளும் ஒன்று இரண்டு இருக்கும். கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான்:

"தம்பி, இது பிரஷர் பார்க்குமா?"

"ஓம் அம்மா. பிரஷர், சீனி, ஒக்சிஜன், நித்திரை எல்லாம் காட்டும்."

தம்பியைக் குறை சொல்ல முடியாது. பெட்டியில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் வோச்சைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். சின்னச் சின்ன எல்இடி பல்புகள், அவற்றின் நடுவே வெளிச்சத்தை உணரும் ஒரு கறுப்புச் சில்லு. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஓர் அசைவுணரி. பெரும்பாலான வோச்சுகளுக்கு உங்கள் உடம்பைப் பற்றி அறிய இருக்கும் வழி இந்த இரண்டும்தான்: வெளிச்சமும் ஆட்டமும். திரையில் வரும் மற்ற எண்கள் எல்லாம் இந்த இரண்டில் இருந்து கணக்குப் போட்டு எடுக்கும் ஊகங்கள். ஊகம் நீள நீள நம் நம்பிக்கையும் குறைய வேண்டும்.

நேராக அளப்பதற்கு மிகக் கிட்ட நிற்பது இதயத்துடிப்பு. இரத்தம் பச்சை வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்; அது நமக்குச் சிவப்பாகத் தெரிவதே அதனால்தான். இதயம் ஒரு தடவை அடிக்கும்போது மணிக்கட்டின் நுண்குழாய்களில் இரத்தம் சற்றுக் கூடுகிறது, திரும்பி வரும் பச்சை வெளிச்சம் அந்த அளவுக்குக் குறைகிறது. அடுத்த அடி வரும்வரை மறுபடி கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கம் மொத்த வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்குதான். அதைப் பொறுக்கி எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுவதுதான் வோச்சின் வேலை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதை நன்றாகவே செய்யும். 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு வகைக் கைப்பட்டிகளைப் பரிசோதித்தபோது, ஆறில் இதயத்துடிப்புப் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. அதே ஏழும் எரித்த கலோரியைச் சொன்ன விதம் வேறு கதை. மிகத் திறமானதுகூடச் சராசரியாக 27 சதவீதம் பிழைவிட்டது. மிக மோசமானது 93 சதவீதம். ஆகவே "இன்றைக்கு 400 கலோரி எரித்துவிட்டேன்" என்று கொத்துரொட்டிக்கு ஓடர் கொடுக்க வேண்டாம்.

ஆடும் கையில் துடிப்பை எண்ணுவது கஷ்டம். வோச் தோலின் மேல் வழுக்கினால் வெளிச்சமும் சேர்ந்து ஆடும். ஓடும்போது சில நேரம் அது இதயத்தை விட்டுவிட்டுக் காலடியின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, அதையே துடிப்பு என்று காட்டும். வோச்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, வழுக்காத அளவு இறுக்கிக் கட்டச் சொல்வது இதற்காகத்தான். தோலின் கருமைக்குக் காரணமான மெலனினும் பச்சை வெளிச்சத்தை உறிஞ்சும். அதை ஈடுகட்ட வெளிச்சத்தைக் கூட்ட வேண்டிவரும், பட்டரி அதற்கேற்பச் செலவாகும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. வோச்சை ஒரு வாழைப்பழத்தில் கட்டி விடுங்கள். மலிவு வோச் என்றால் வாழைப்பழத்துக்கும் 70, 80 என்று துடிப்பு காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். பழத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்திலும் சிறிய நடுக்கங்கள் இருக்கும். உள்ளே இருக்கும் மென்பொருள், வருகிற எதிலும் ஒரு தாளத்தைத் தேடிப் பிடிக்கப் பழக்கப்பட்டது. அதே பழத்துக்கு 120/80 என்று பிரஷரும் காட்டினால், கடையில் கொடுத்த காசு எங்கே போனது என்று விளங்கிவிடும்.

ஒக்சிஜன் அளவுக்குப் பச்சை போதாது. சிவப்பும் அகச்சிவப்பும் வேண்டும். ஒக்சிஜன் ஏற்றிய இரத்தம் அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும், ஒக்சிஜன் இறக்கிய இரத்தம் சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். இரண்டின் விகிதத்தில் இருந்து விடை வரும். 1974இல் இந்த வழியைக் கண்டவர் ஜப்பானியப் பொறியியலாளர் டக்குவோ அவோயாகி. கொரோனா உலகெங்கும் பரவி, ஆஸ்பத்திரிகள் எல்லாம் அவருடைய கண்டுபிடிப்பை நம்பி நின்ற 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார். விரலில் மாட்டும் கருவியில் வெளிச்சம் விரலை ஊடுருவி மறுபக்கம் போகிறது. மணிக்கட்டிலோ பட்டுத் திரும்புவதை மட்டும்தான் பிடிக்கலாம், அது பலவீனமான சமிக்ஞை. விரல் கருவியே முழுக்கச் சரியில்லை. 2020இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஒக்சிஜன் குறைவு கருவிக்குப் பிடிபடாமல் போனது ஏறத்தாழ மூன்று மடங்கு. நம் தோல் நிறத்துக்கு இது கவனிக்க வேண்டிய சேதி.

உங்கள் வோச்சில் அந்த வசதி உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க, லைட்டை அணைத்துவிட்டு ஒக்சிஜனை அளக்கச் சொல்லி அதன் முதுகைப் பாருங்கள். பச்சை மட்டும் எரிந்தால் சந்தேகப்படலாம். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் போனின் முன்பக்கக் கமராவில் சில நேரம் ஊதாப் பொட்டாகத் தெரியும். சிவப்பு எரிந்தாலே அளக்கிறது என்றும் இல்லை. அலங்காரத்துக்கு ஒரு பல்பை எரிய விடுவது பெரிய வேலையா என்ன?

அப்புறம், அந்த அம்மா கேட்ட பிரஷர். கிளினிக்கில் கையில் பட்டி சுற்றிக் காற்றடிப்பது, இரத்த ஓட்டத்தை ஒரு கணம் நிறுத்தி, எந்த அழுத்தத்தில் அது மறுபடி பாய்கிறது என்று பார்க்கத்தான். பட்டி இல்லாத வோச்சால் எதையும் அழுத்த முடியாது. அது நாடித் துடிப்பின் அலை வடிவத்தைப் பார்த்து அழுத்தத்தை ஊகிக்கிறது; தண்ணீர் ஓடும் ரப்பர் குழாயை வெளியே தொட்டுப் பார்த்து உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று சொல்வதைப் போல. அதனால்தான் சாம்சங் வோச்சில் பிரஷர் பார்க்க, 28 நாட்களுக்கு ஒருமுறை மேல்கைப் பட்டிக் கருவியால் அளந்து அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆப்பிள் 2025இல் கொண்டுவந்த வசதியோ எண்ணே காட்டுவதில்லை. 30 நாள் தரவைப் பார்த்து, உயர் இரத்த அழுத்தம் இருக்கலாம் என்று எச்சரிப்பதோடு நின்றுவிடுகிறது. இவ்வளவு பெரிய கொம்பனி சொல்லத் தயங்கும் எண்ணை ஐயாயிரம் ரூபாய் வோச் தயங்காமல் சொல்கிறது.

சீனி இன்னும் மோசம். ஒரு லீற்றர் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறத்தாழ ஒரு கிராம்தான். தோலுக்கு வெளியே இருந்து வெளிச்சம் பாய்ச்சினால் தண்ணீரும் கொழுப்பும் புரதமும் தரும் சமிக்ஞைக்குள் அந்த ஒரு கிராம் மறைந்துபோகும். 2024 பெப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே எச்சரித்தது: ஊசி குத்தாமல் சீனி அளப்பதாகச் சொல்லும் வோச்சையும் மோதிரத்தையும் பாவிக்க வேண்டாம், அப்படி ஒன்றுக்கும் அனுமதி கொடுக்கவில்லை. சிலர் வோச்சில் சீனி அளவு பார்ப்பது உண்மைதான். ஆனால் அவர்களின் கையில் தோலுக்குள் மெல்லிய இழை செருகிய தனி உணரி ஒட்டியிருக்கும். வோச் வெறும் திரை. பொய்யான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிக் குறைத்தால் ஆள் மயங்கி விழுவார், அதற்கு மேலும் நடக்கலாம்.

விலைகூடிய வோச்சுகளில் மெய்யாகவே பிரயோசனமான ஒன்று உண்டு, ஈசிஜி. இது வெளிச்சமும் இல்லை, ஆட்டமும் இல்லை. வோச்சின் முதுகு ஒரு கையைத் தொட, மறு கை விரலை விளிம்பில் வைத்தால், நெஞ்சுக்குக் குறுக்காக ஒரு சுற்று மூடுகிறது. 30 விநாடியில் இதயத்தின் மின் அலை பதிவாகும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பு இதில் பிடிபடும். அதைக் கவனிக்காமல் விட்டால் இரத்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வரலாம் என்பதால், வயதானவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் ஆஸ்பத்திரி ஈசிஜி பத்து இடத்தில் ஒட்டி பன்னிரண்டு கோணத்தில் பார்ப்பது. வோச் ஒரே கோணம். மாரடைப்பை இது கண்டுபிடிக்காது. நெஞ்சு நோகும்போது வோச் "சாதாரணம்" என்று சொன்னாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

காலடி எண்ணுவது பெரும்பாலானோர் வாங்கும் காரணம். அசைவுணரி என்பது சிலிக்கனில் செதுக்கிய மயிரிழையிலும் மெல்லிய சுருளில் தொங்கும் ஒரு துணுக்கு. கை ஆடினால் துணுக்கு நகரும், பக்கத்துச் சுவருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும், அந்த மாற்றம் மின் அளவாக வெளியே வரும். நடையின் தாளம் விநாடிக்கு ஒன்றில் இருந்து மூன்றுக்குள் என்பதால், அதே வேகத்தில் தொடர்ந்து சில ஆட்டம் வந்தால் நடை என்று வோச் முடிவுகட்டும். இப்போது மருதமுனையில் கைத்தறியில் நெய்கிறவர் ஒருவரின் கையில் அதைக் கட்டுங்கள். ஒரு கை கயிற்றை இழுத்து, நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை ஓட விட, மறு கை பலகையை முன்னும் பின்னும் அடிக்கிறது. நடையைவிடத் திருத்தமான தாளம். அவர் இருந்த இடத்தைவிட்டு எழும்பாமலே ஆயிரக்கணக்கில் காலடி ஏறும். தள்ளுவண்டியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக மரக்கறி விற்கிறவரோ வெயிலில் பல மைல் நடந்திருப்பார், மணிக்கட்டு ஆடாததால் கணக்கில் பாதிகூட வராது. வோச் எண்ணுவது கையை, காலை இல்லை.

பத்தாயிரம் காலடி என்ற இலக்கும் மருத்துவத்தில் பிறந்ததல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965இல் ஜப்பானியக் கொம்பனி ஒன்று விற்ற காலடிமானியின் பெயரில் இருந்து வந்தது. 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதான 16,741 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு நாளைக்கு 4,400 காலடி நடந்தவர்களிடமே மரண வீதம் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500க்குப் பிறகு கூடுதல் நன்மை தெரியவில்லை. கல்லடிக் கடற்கரையில் விடியற்காலையில் நடக்கும் பென்சன்காரர்கள் 10,000 வரவில்லை என்று கவலைப்படத் தேவையில்லை.

நித்திரையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கை ஆடவில்லை, துடிப்பு குறைந்திருக்கிறது, ஆகவே ஆள் உறங்குகிறார், இதுவரை சரிதான். ஆழ்ந்த உறக்கம் எத்தனை நிமிடம், கனவு உறக்கம் எத்தனை நிமிடம் என்பதற்கு மூளையின் மின் அலையைப் பார்க்க வேண்டும், மணிக்கட்டில் மூளை இல்லை.

2024இல் உலக அளவில் ஸ்மார்ட் வோச் விற்பனை முதல் தடவையாகச் சரிந்ததற்கு ஒரு பெரிய காரணம் இந்தியாவின் மலிவுச் சந்தை. முதல் வோச்சில் மனம் நிறையாதவர்கள் இரண்டாவதை வாங்கப் போகவில்லை. அதில் எனக்கு வியப்பில்லை.

சரி, வாங்கலாமா? மோட்டர் சைக்கிளில் போகும்போது யார் கோல் எடுக்கிறார் என்று தெரிய, நடையைக் கணக்கு வைக்க, ஓய்விலிருக்கும்போது துடிப்பு எப்படிப் போகிறது என்று வாரக் கணக்கில் பார்க்க வேண்டும் என்றால் நடுத்தர விலையில் ஒன்று போதும். ஒரு நாள் எண்ணைப் பார்க்காமல் போக்கைப் பாருங்கள். காய்ச்சல், நித்திரைக் குறைவு, உடம்பில் நீர் வற்றுதல் எல்லாம் அந்தத் துடிப்பை மேலே தள்ளும். அம்மாவுக்குப் பிரஷர், அப்பாவுக்குச் சீனி என்று வாங்குவதாக இருந்தால், அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து பாமசியில் மேல்கையில் கட்டும் பிரஷர் மெஷினையோ விரலில் குத்திப் பார்க்கும் சீனி மெஷினையோ வாங்குங்கள். கிளினிக் கொப்பியில் டொக்டர் நம்பி எழுதக்கூடிய எண் அவற்றில் இருந்துதான் வரும்.

வாங்கியவர்களுக்கு இன்னும் ஒன்று. 50 மீற்றர் நீர்த்தாங்கும் என்று எழுதியிருப்பது ஆய்வுகூடத்தில் அசையாத நல்ல தண்ணீரில் பார்த்த அழுத்தக் கணக்கு, கடலுக்கும் வாவிக்கும் தந்த உத்தரவாதம் அல்ல. உப்புத் தண்ணீரோ வியர்வையோ பட்டால் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, தோல் காயும் வரைக்கும் கழற்றி வையுங்கள்.