ஒரே பாலம் உள்ள தீவுக்குத் தீயணைப்புப் பாதுகாப்பு: அமெரிக்க விதிகள் சொல்வது என்ன?

அமெரிக்காவில் ஊர்களுக்குத் தீயணைப்புச் சேவை அளிக்கும் பொறுப்பு கூட்டாட்சி அரசிடம் இல்லை. மாநிலச் சட்டம் தரும் அதிகாரத்தின்படி நகராட்சியோ, டவுன்ஷிப் என்ற சிறு உள்ளாட்சியோ, கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகமோ, இதற்கென்றே வரி விதிக்கும் தீயணைப்பு மாவட்டமோ அதை நடத்துகிறது. சிறு தீவு ஒன்று சொந்த நிலையம் வைத்துக்கொள்ளலாம். அக்கரையில் உள்ள துறையோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பெரும்பாலும் இரண்டும் கலந்தே நடக்கும். எந்த ஏற்பாடாக இருந்தாலும், ஒரே பாலத்தை நம்பியுள்ள தீவில் ஒவ்வொரு விதியையும் ஒரு கேள்வியோடுதான் படிக்க வேண்டும்: வண்டி பாலத்தைக் கடக்க முடியாத நேரத்தில் தீவின் கையில் என்ன இருக்கும்?

பாலத்தின் எடைத்தாங்குதிறனே முதலில் பார்க்க வேண்டியது. மாநிலங்களை இணைக்கும் ‘இன்டர்ஸ்டேட்’ நெடுஞ்சாலைகளில் சாதாரண லாரிகளுக்கு ஓர் அச்சுக்கு 20,000 பவுண்டு, இரட்டை அச்சுக்கு 34,000 பவுண்டு, மொத்தம் 80,000 பவுண்டு என்பது கூட்டாட்சி வரம்பு. தீயணைப்பு வண்டிகள், குறிப்பாக ஏணி வண்டிகளும் நீர்த்தொட்டி வண்டிகளும், இந்த அச்சு வரம்புகளை எளிதில் மீறிவிடும். ஒரு கேலன் நீரின் எடை ஏறத்தாழ 8.34 பவுண்டு என்பதால், 3,000 கேலன் தொட்டியில் நீர் மட்டுமே 25,000 பவுண்டு ஆகிறது. 2015 டிசம்பரில் இயற்றப்பட்ட ஃபாஸ்ட் என்ற கூட்டாட்சிப் போக்குவரத்துச் சட்டம் இதைக் கருத்தில் கொண்டு, அவசர வண்டிகளுக்கு மொத்தம் 86,000 பவுண்டு வரை உயர் வரம்பை அனுமதித்தது. அதைத் தொடர்ந்து கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 2016 நவம்பரில் வெளியிட்ட குறிப்பு, 57,500 பவுண்டு, 86,000 பவுண்டு என இரண்டு மாதிரி அவசர வண்டிகளை வகுத்து, அவற்றைத் தாங்குமா என்று பாலங்களைக் கணக்கிடவும், தாங்காத பாலங்களில் எடை வரம்பைக் காட்டும் பலகை வைக்கவும் வழி சொன்னது.

இதை மேலோட்டமாகப் படிப்பவர்கள், தீயணைப்பு வண்டி இனி எந்தப் பாலத்திலும் போகலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். அது சரியல்ல. அந்த உயர் வரம்பு இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளுக்கும் அவற்றிலிருந்து நியாயமான அணுகலுக்குள் வரும் சாலைகளுக்கும் உரியது. கவுண்டியோ தனியாரோ நடத்தும் தீவுப் பாலத்தை அது தானாகவே கட்டுப்படுத்தாது. எப்படியும், சட்டம் எடைக்கு அனுமதி தரலாமே தவிர, பழைய உத்திரத்துக்கு வலிமை தர முடியாது. மற்ற ஊர்களில் ஒரு பாலத்தில் எடைப் பலகை ஏறினால் ஏணி வண்டி சுற்றுவழியில் வரும். தீவுக்குச் சுற்றுவழியே கிடையாது. ஆகவே பாலத்தின் எடை வரம்பு குறைக்கப்படும் நாளில், அக்கரையிலிருந்து வருவதாகக் காகிதத்தில் உள்ள வண்டிகளில் எவை உண்மையில் வரக்கூடியவை என்ற பட்டியலையும் துறை அன்றே திருத்தியாக வேண்டும். 20 அடிக்கு மேல் நீளமுள்ள பொதுச்சாலைப் பாலங்கள் வழக்கமாக 24 மாதங்களுக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்யப்பட வேண்டும் என்பது தேசியப் பால ஆய்வுத் தரநிலை. அவ்விவரங்கள் தேசியப் பாலப் பட்டியலில் சேர்க்கப்படுவதால், தீவுவாசி தன் பாலத்தின் நிலையைத் தானே தேடிப் பார்க்கலாம்.

கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பாலமாக இருந்தால் இன்னொரு விதி முக்கியமாகிறது. கூட்டாட்சி ஒழுங்குமுறைத் தொகுப்பின் 33ஆம் தலைப்பில், 117ஆம் பகுதியில், 31ஆம் பிரிவு இதைப் பேசுகிறது: அவசர வண்டி ஒன்று கடக்க வரவிருக்கிறது என்று நம்பத்தக்க இடத்திலிருந்து தகவல் கிடைத்தால், வண்டி வந்துசேரும் வேளையில் பாலம் மூடியிருக்கும்படி பாலப் பணியாளர் இயன்ற எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும். இதில் ஊன்றிப் படிக்க வேண்டிய சொற்கள் ‘தகவல் கிடைத்தால்’ என்பவை. தகவல் கிடைக்கும்வரை பணியாளருக்குக் கடமை எழுவதில்லை. எனவே, அவசர அழைப்பு மையம் வண்டியை அனுப்பும் அதே நிமிடத்தில் பாலப் பணியாளரின் கூண்டுக்கும் சொல்ல வேண்டும் என்பது மையத்தின் எழுத்து நடைமுறையில் இடம்பெற்றிருக்க வேண்டும். அதே பிரிவு, பொதுப் பாதுகாப்புப் பணியில் உள்ள அரசுப் படகுகளுக்கும் ஆபத்தில் உள்ள கலங்களுக்கும் பாலத்தைத் திறந்துவிடும் கடமையையும் விதிப்பதால், இரண்டு அவசரங்களும் ஒரே நேரத்தில் மோதக்கூடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

அக்கரை உதவி இரண்டு வகைப்படும். கேட்ட பிறகு வருவது பரஸ்பர உதவி. கட்டடத் தீ என்ற முதல் அழைப்பிலேயே, எவரும் கேட்காமல் புறப்படுவது தானியங்கு உதவி. தீவின் துறைத் தலைவர் போய்ப் பார்த்துவிட்டு உதவி கேட்பதற்குள் பாலம் திறந்துவிடலாம், நெரிசல் சேர்ந்துவிடலாம். ஆகவே இரண்டாவது வகை ஒப்பந்தமே தீவுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

உதவி வரும்வரை தீவிலிருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. தொழிற்பாதுகாப்பு விதியின்படி, எரியும் கட்டடத்துக்குள் இருவர் இணைந்தே நுழைய வேண்டும். வெளியே குறைந்தது இருவர் ஆயத்தமாக நிற்க வேண்டும். முழுக் குழு சேரும் முன் உயிர்மீட்பில் இறங்குவதை மட்டும் அது தடுக்கவில்லை. எனவே மூவர் மட்டும் வந்து சேர்ந்த நிலையில், உள்ளே எவரும் சிக்கியிருக்கவில்லை என்றால், வெளியிலிருந்து நீர் பாய்ச்சுவதோடு அவர்கள் நிற்க வேண்டியதுதான். தன்னார்வலர்களைப் பெரிதும் நம்பிய துறைகளுக்காக என்.எஃப்.பி.ஏ. என்னும் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வகுத்த 1720 தரநிலை, சதுர மைலுக்கு 500க்கும் குறைவானோர் வாழும் பகுதியில் 14 நிமிடத்துக்குள் 6 பேர் சேர வேண்டும் என்றும், பத்தில் எட்டு முறை இது நிறைவேற வேண்டும் என்றும் இலக்கு வைக்கிறது. உள்ளாட்சி ஏற்றுக்கொண்டால் மட்டுமே அது கட்டாயம். தன்னார்வலர்களில் பலர் பகலில் அக்கரையில் வேலை பார்ப்பவர்களானால், இரவில் எட்டப்படும் இந்த எண்ணிக்கை பகலில் எட்டப்படாது.

நீரைப் பொறுத்தவரை தீவுக்கு வாய்ப்பும் உண்டு, ஏமாற்றமும் உண்டு. சுற்றிலும் நீர் இருந்தாலும் பம்ப் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். காற்றழுத்தக் கணக்கில் 33 அடிக்குச் சற்று மேல் வரை நீர் ஏற முடியும் என்றாலும், நடைமுறையில் 20 முதல் 25 அடியே எல்லை. அதிலும் உயரம் கூடக் கூட வரத்து குறையும். கடற்கரையென்றால் வற்றத்தின்போது நீர்மட்டம் இறங்கி, கரையும் சேறாகிவிடும். இதற்காகவே வண்டி நிற்கத்தக்க இடத்தில், நீருக்குள் நிலையாகப் பதித்த உறிஞ்சுகுழாய்கள் அமைக்கப்படுகின்றன. வற்றத்தின் மிகத் தாழ்ந்த மட்டத்தை வைத்தே அவற்றின் ஆழம் முடிவாக வேண்டும். உப்புநீர் பயன்படுத்திய பம்பை நன்னீரால் அலசுவதும் வேலையின் ஒரு பகுதி.

காப்பீட்டுக் கட்டணத்தில் இவையெல்லாம் தெரியவரும். ஐ.எஸ்.ஓ. என்னும் நிறுவனம் (சர்வதேசத் தர அமைப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது காப்பீட்டுத் துறைக்குத் தரவு வழங்கும் தனியார் நிறுவனம்) ஒவ்வொரு பகுதியின் தீப்பாதுகாப்பையும் 1 முதல் 10 வரை வகைப்படுத்துகிறது, 1 சிறந்தது. தீயணைப்புத் துறைக்கு 50 புள்ளிகளும், நீர் வழங்கலுக்கு 40 புள்ளிகளும், அவசரத் தொடர்புக்கு 10 புள்ளிகளும், இடர்க்குறைப்புப் பணிகளுக்குக் கூடுதலாக 5.5 புள்ளிகளும் உண்டு. நிலையத்திலிருந்து 5 சாலை மைலுக்கு அப்பாலுள்ள வீடு பொதுவாகப் பத்தாம் வகையில் விழும். இங்கே அளக்கப்படுவது சாலைத் தூரம். அக்கரை நிலையம் கண்ணெதிரே தெரிந்தாலும் பாலம் சுற்றி வரும் தூரமே கணக்கு.

புதிய கட்டுமானத்துக்குப் பன்னாட்டுத் தீ நெறித்தொகுப்பு பல மாநிலங்களில் அடிப்படையாக உள்ளது. நெரிசல், நிலத்தன்மை, தட்பவெப்பம் ஆகியவற்றால் ஒரே அணுகுசாலை தடைபடக்கூடும் என்று கண்டால், இன்னொரு வழியைக் கோரத் தீ விதி அலுவலருக்கு அதன் 503ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதன் பின்னிணைப்பு ‘டி’, அணுகுசாலை 75,000 பவுண்டு வண்டியைத் தாங்க வேண்டும் என்றும், 30 வீடுகளுக்கு மேற்பட்ட குடியிருப்புக்கு இரண்டு அணுகுசாலைகள் வேண்டும் என்றும் சொல்கிறது. எல்லா வீடுகளிலும் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்தால் ஒரே சாலை போதும். பின்னிணைப்பு தனியாக ஏற்கப்பட்டிருந்தால்தான் செல்லும் என்பதால், உள்ளாட்சியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது பாலத்துக்கு வழியில்லாத தீவில் தெளிப்பான் விதிவிலக்கே பெரும்பாலும் நடைமுறைத் தீர்வாகிறது; பாலம் அடைபட்டிருந்தாலும் அது வேலை செய்யும்.

கருவிகளுக்கும் வண்டிகளுக்கும் நிதி இல்லாத துறை, கூட்டாட்சி அவசர மேலாண்மை முகமையான ஃபெமா நடத்தும் தீயணைப்போர் உதவி மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 20,000 பேர் வரை உள்ள பகுதிக்குச் சேவை செய்யும் துறை, மானியத் தொகையில் 5 சதவீதத்தைத் தன் பங்காகச் செலுத்த வேண்டும். ஆட்களை நியமிப்பதற்கும் தன்னார்வலர்களைச் சேர்ப்பதற்கும் சேஃபர் என்ற தனி மானியம் உள்ளது.