மாற்றியமைத்த காரோடு எல்லை தாண்டினால்: எந்தத் தாள் காக்கும், எது காக்காது

பிரிட்டனில் பதிவான காரைத் தாழ்த்தி, சைலன்சரை மாற்றி, பெரிய அலாய் வீல் போட்டு ஓட்டுகிறவர்கள் ஜெர்மனிக்கோ ஆஸ்திரியாவுக்கோ சுவிட்சர்லாந்துக்கோ புறப்படும்போது முதலில் கேட்பது, "அங்கே இதையெல்லாம் விடுவார்களா?" என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வண்டி பதிவாகியிருக்கும் நாட்டிலேயே இந்த மாற்றம் சட்டப்படி செல்லுமா, அதற்குத் தாள் இருக்கிறதா? வெளிநாட்டுச் சாலையில் கிடைக்கும் பாதுகாப்பு இந்தப் பதிலில்தான் தொடங்குகிறது.

1968 நவம்பர் 8 அன்று கையெழுத்துக்கு வைக்கப்பட்ட சாலைப் போக்குவரத்து வியன்னா உடன்படிக்கையில் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகள் சேர்ந்திருக்கின்றன. பிரிட்டனுக்கு அது 2019 மார்ச் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு உறுப்பு நாடுகளுக்கு இரண்டு கடமைகளை வைக்கிறது. உடன்படிக்கையின் நிபந்தனைகளுக்கு உட்பட்ட வெளிநாட்டு வண்டியை உள்ளே அனுமதிக்க வேண்டும். அந்த வண்டியின் பதிவுச் சான்றை, மாறாகத் தெரியவராத வரை, நிபந்தனைகள் நிறைவேறியிருப்பதற்கான அத்தாட்சியாக ஏற்க வேண்டும். 5ஆம் இணைப்பு இன்னொரு விதியைச் சொல்கிறது: நாடு விட்டு நாடு வரும் வண்டி, அது முதன்முதலில் ஓடத் தொடங்கியபோது பதிவு நாட்டில் இருந்த தொழில்நுட்ப விதிகளுக்குப் பொருந்த வேண்டும்.

ஆகவே பிரிட்டிஷ் காரை ஒரு ஜெர்மன் கார் போல நடத்தி, ஒவ்வொரு உதிரிப் பாகத்துக்கும் ஜெர்மன் ஒப்புதல் கேட்பதற்கு உடன்படிக்கையில் இடமில்லை. ஆனால் சொந்த நாட்டிலேயே தேறாத மாற்றத்தை அது காப்பாற்றாது. பிரேக், விளக்கு, டயர், சைலன்சர் ஆகியவற்றுக்கு 5ஆம் இணைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்ச நிபந்தனைகளை மீறிய வண்டியையும் காப்பாற்றாது. சைலன்சரை அறுத்துவிட்டு நேர்க்குழாய் பொருத்திய கார் எந்த நாட்டு நம்பர் பலகையோடு வந்தாலும் மாட்டிக்கொள்ளும்.

இந்தப் பாதுகாப்பு தற்காலிகமாக வருகிறவர்களுக்கு மட்டும். உரிமையாளர் வழக்கமாக வசிப்பது வேறு நாடாக இருக்க வேண்டும். பெரிய இடைவெளியின்றி ஓராண்டுக்கு மேல் வண்டி ஒரு நாட்டில் நின்றால், அதை வெளிநாட்டு வண்டியாகக் கருத மறுக்க அந்த நாட்டுக்கு உரிமை உண்டு. வேலை மாறிக் குடியேறியவர்கள் பழைய பலகையோடே ஓட்டிக்கொண்டிருந்தால் இந்த விதியில்தான் இடறுகிறார்கள். குடியேறிய பிறகு அங்கே பதிய வேண்டும், அங்குள்ள பரிசோதனையில் ஒவ்வொரு மாற்றமும் தேற வேண்டும்.

போலீஸ்காரர் தாளில் எதைப் படிக்கிறார்

மொழி தெரியாத போலீஸ்காரர் நம் தாளில் என்ன கண்டுபிடித்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பியப் பதிவுச் சான்றுகளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பொதுவான எழுத்துக் குறி உண்டு. பிரிட்டனின் பதிவுச் சான்றான வி5சி புத்தகத்திலும் அதே குறிகள்தான். இ என்றால் சேசிஸ் எண். பி.1 எஞ்சின் கொள்ளளவு, பி.2 கிலோவாட்டில் எஞ்சின் திறன், ஆர் நிறம், எஸ்.1 இருக்கைகள். யு.1 நிற்கும் நிலையில் வரும் சத்தம், யு.2 அதை அளக்க வேண்டிய எஞ்சின் சுழற்சி. எஞ்சினை மாற்றியிருந்தால், நிறம் மாறியிருந்தால், பின்சீட்டைக் கழற்றி ரோல் கேஜ் (கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு) போட்டிருந்தால், தாளும் வண்டியும் ஒத்துப்போகாதது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். எஞ்சின், நிறம், இருக்கை மாற்றங்களைப் பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவித்துப் புதிய வி5சி வாங்குவது சட்டக் கடமை. பயணத்துக்கு முன் அதை முடித்துவிடுங்கள்.

வீல், ஸ்பிரிங், சைலன்சர் விஷயத்தில்தான் சிக்கல் வருகிறது. ஜெர்மனியில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் தாள் உண்டு, தேவையானால் பதிவுச் சான்றின் 22ஆம் கட்டத்தில் அந்த மாற்றத்தை ஏற்றியும் விடுவார்கள். பிரிட்டிஷ் தாளில் அப்படியொரு கட்டமே இல்லை. தாளில் இல்லாததால் மட்டும் மாற்றம் குற்றமாகிவிடாது. ஆனால் எல்லாம் எழுத்தில் இருக்கப் பார்த்துப் பழகிய ஜெர்மன் அதிகாரி, எழுத்தில் எதுவும் இல்லாத வண்டியைத் தன் கண்ணாலேயே எடைபோடத் தொடங்குவார். அந்த வெற்றிடத்தை நிரப்ப மூன்று தாள்கள் உதவும்: செல்லுபடியாகும் எம்.ஓ.டி. சான்று (பிரிட்டனின் வாகனத் தகுதிச் சோதனைச் சான்று), பாகத்தைத் தயாரித்த நிறுவனம் தரும் ஒப்புதல் தாள், மாற்றங்களை ஏற்றுக்கொண்டதாகக் காப்பீட்டு நிறுவனம் எழுதித்தந்த கடிதம். வாங்கும்போதே ஜெர்மன் பாகச் சான்றோடு வரும் ஸ்பிரிங், வீல்களை வாங்கிவிட்டால் பாதித் தலைவலி குறையும். சான்றில் உங்கள் கார் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இல்லாத மாடலுக்கு அந்தத் தாளை நீட்டுவதில் பயனில்லை.

டேப்பும் டெசிபலும்

சத்தத்தில்தான் அதிகம் பேர் பிடிபடுகிறார்கள். யு.1 கட்டத்தில் 78, யு.2 கட்டத்தில் 3750 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மைக்கைக் குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், குழாயின் அச்சுக்கு 45 பாகை சாய்வில், வாயின் உயரத்தில் வைக்கிறார்கள். எஞ்சினை 3750 சுழற்சியில் நிலையாகப் பிடித்து, பிறகு ஆக்சிலரேட்டரை விடச் சொல்கிறார்கள். அப்போது பதிவாகும் உச்ச அளவுதான் உங்கள் கணக்கு, அதைத்தான் தாளிலுள்ள 78 டெசிபலோடு ஒப்பிடுவார்கள். புறப்படும் முன் ஒரு திறந்தவெளியில், சுவர் எதுவும் பக்கத்தில் இல்லாமல், இதை நீங்களே செய்து பாருங்கள். கைபேசிச் செயலி துல்லியமான கருவி இல்லைதான், ஆனாலும் பத்து டெசிபல் மீறலை அது காட்டிக்கொடுத்துவிடும். டெசிபல் என்பது மடக்கைக் கணக்கு. பத்து கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்காகிவிடும்.

வால்வு வைத்த சைலன்சரில், வால்வு திறந்த நிலையிலும் அளவு தேற வேண்டும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. வால்வைத் திறந்து மூடும் ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டால் தெரியாது என்று நம்புகிறவர்கள் உண்டு. சோதிக்கிறவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

அடுத்தது உயரம். தாழ்த்திய காரில் எல்லோரும் தரைக்கும் அடித்தட்டுக்கும் உள்ள இடைவெளியைத்தான் அளக்கிறார்கள், ஹெட்லைட்டை மறந்துவிடுகிறார்கள். ஐ.நா.வின் 48ஆம் ஒழுங்குவிதிப்படி டிம் லைட்டின் ஒளிரும் பரப்பின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 500 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, முன் இண்டிகேட்டர் 350 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. காயில்ஓவரில் (உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங் தொகுதி) நாலு சுற்று இறக்கிவிட்டு டேப்பை வைத்தால் 490 என்று காட்டும் கார்கள் இருக்கின்றன.

வீலுக்கு வருவோம். சக்கர மையத்திலிருந்து முன்பக்கம் 30 பாகை, பின்பக்கம் 50 பாகை வரையுள்ள பகுதியில் டயரின் தரைபடும் பரப்பை மட்கார்டு மூடியிருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் போட்ட வண்டியில் பின்பக்க 50 பாகையில்தான் டயர் வெளியே எட்டிப்பார்க்கும். நேராக மேலே நின்று பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள், அந்தக் கோணத்தில் ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். டயரின் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் வண்டிக்குச் சொன்னதற்குக் குறையாமல் இருக்கட்டும். தடத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை சாலையில் பனி இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம், அதற்கு 4 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும்.

ஹாலஜன் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பு போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். ஜெர்மனி 2020 முதல் சில பல்புகளைக் குறிப்பிட்ட கார்களுக்கு மட்டும் அனுமதித்திருக்கிறது. அந்த அனுமதி அந்த நாட்டின் சொந்த அனுமதி, எல்லைக்கு அப்பால் தானாகச் செல்லாது. வண்டிக்கு அடியில் ஒளிரும் வண்ண விளக்குகளையும் அணைத்தால் போதாது, வயரைத் துண்டிப்பது நல்லது. பிரிட்டனிலிருந்து வலது ஸ்டீயரிங் காரோடு போகிறவர்கள் ஹெட்லைட் ஒளியைத் திருப்பும் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும், அல்லது வண்டியின் மெனுவில் மாற்ற வேண்டும். 2021 செப்டம்பர் 28 முதல் பழைய ஜிபி ஸ்டிக்கர் செல்லாது, யுகே ஸ்டிக்கர்தான்.

உடன்படிக்கை கைகொடுக்காத இடங்கள்

வண்டியின் கட்டமைப்புக்குத்தான் பதிவு நாட்டு விதி. ஓட்டும் விதம், சத்தம் எழுப்பும் விதம், உள்ளே வைத்திருக்கும் கருவி இவற்றுக்கெல்லாம் நிற்கும் மண்ணின் சட்டம்தான்.

ஜெர்மனியில் தேவையில்லாத சத்தத்துக்கும், ஊருக்குள் காரணமின்றிச் சுற்றிச்சுற்றி வந்து தொல்லை தருவதற்கும் 100 யூரோ வரை அபராதம். சுவிட்சர்லாந்து 2025 ஜனவரி 1 முதல் சைலன்சரிலிருந்து வேண்டுமென்றே எழுப்பும் வெடிச்சத்தத்தை வெளிப்படையாகத் தடைசெய்திருக்கிறது. எஞ்சினை ரீமேப் செய்து, அதாவது அதன் மென்பொருளை மாற்றி, அந்த வெடிச்சத்தத்தை வைத்துக்கொண்டவர்கள், எல்லைக்கு முன்பே பழைய மேப்புக்குத் திரும்பிவிடுவதே சரி.

பிரான்சில் முன்கண்ணாடியும் முன்பக்கப் பக்கக் கண்ணாடிகளும் குறைந்தது 70 சதவீத ஒளியை உள்ளே விட வேண்டும். 2017 ஜனவரி 1 முதல் மீறலுக்கு 135 யூரோ. கண்ணாடியே லேசாக நிறம் கொண்டது, அதன்மேல் 75 சதவீத ஃபிலிம் ஒட்டினால் மொத்தம் 70க்குக் கீழே போய்விடும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வேகக் கேமராவை முன்கூட்டியே காட்டும் ரேடார் எச்சரிக்கைக் கருவிக்கு பிரான்சில் 1,500 யூரோ வரை அபராதம், கருவியும் பறிபோகும். சுவிட்சர்லாந்திலும் பறிமுதல் உண்டு. வழிகாட்டிக் கருவியில் கேமரா இடங்களைக் காட்டும் வசதியையும் அங்கே நீக்கிவிட வேண்டும், அணைத்து வைப்பது போதாது.

கையைக் காட்டி நிறுத்தினால்

எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, கைகளைத் தெரியும்படி வையுங்கள். ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, பிறகு பாகங்களின் தாள்கள் என்ற வரிசையில் ஒரே கோப்பில் இருக்கட்டும். பதிவுச் சான்று மூலப்பிரதியாக இருக்க வேண்டும். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் அவர் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். கேட்காத மாற்றங்களை நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டதற்குப் பொய்யும் சொல்லாதீர்கள்.

அதிகாரி குறை சொன்னால், எந்தச் சட்டப் பிரிவு, எந்தப் பாகம் என்று எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். பாதுகாப்புக்கு ஆபத்து என்று தோன்றினால் அவர் வண்டியை மேற்கொண்டு ஓட்டத் தடை விதிக்கலாம், நிபுணர் சோதனைக்கு இழுத்துச் செல்லவும் சொல்லலாம். குறை உறுதியானால் அந்தச் செலவு பெரும்பாலும் உரிமையாளர் தலையில்தான். அந்த நாட்டில் முகவரி இல்லாதவர்களிடம் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அங்கேயே பிணைத்தொகை வாங்கச் சட்டம் இடம் தருகிறது. பணம் கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். புரியாத மொழியில் உள்ள தாளில், குற்றத்தை ஒப்புக்கொள்வதாக எழுதியிருக்கலாம். மொழிபெயர்ப்பு கேளுங்கள், கிடைக்காவிட்டால் கையெழுத்திட மறுப்பதைப் பணிவாகச் சொல்லுங்கள்.

அதே இடத்தில் வாதாடி வென்றவர்கள் குறைவு. எழுத்தில் ஆட்சேபிக்க வழியிருக்கிறது, ஆனால் காலம் குறுகியது: ஜெர்மன் அபராத ஆணைக்கும் ஆஸ்திரியத் தண்டனை ஆணைக்கும் கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வாரம், சுவிஸ் தண்டனை ஆணைக்கு பத்து நாள். ஆட்சேபத்தோடு பதிவுச் சான்று, எம்.ஓ.டி., பாகச் சான்று ஆகியவற்றின் நகலை இணைத்து, வியன்னா உடன்படிக்கையின் 3ஆம் பிரிவையும் 5ஆம் இணைப்பையும் எண்ணோடு குறிப்பிடுங்கள். கடித உறையை வைத்திருங்கள். ஆணை எப்போது அனுப்பப்பட்டது என்பதைக் காட்ட அதிலுள்ள தபால் முத்திரை உதவும்.