தடையின்மைச் சான்றின் இரண்டாம் பக்கம்

சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் போன ஐப்பசியில் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். "பட்டா கிளியருங்க சார். வில்லங்கம் முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பாத்தாச்சு. பிளான் மட்டும் போட்டுக் குடுங்க, தை பொறந்ததும் பூமி பூஜை போட்டுறலாம்."

முன்பணம் கொடுத்தாச்சா என்று கேட்டேன். அஞ்சு லட்சம் என்றார்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். பணம் கொடுத்த பிறகு வருவார்கள். இருபது வருடமாகச் சேலத்தில் வீட்டு வரைபடம் போட்டு, அனுமதி வாங்கிக் கொடுத்து, கட்டியும் கொடுக்கிறேன். மண் பரிசோதனை செய்யச் சொன்னால் சரி என்பார்கள், வாஸ்து பார்க்கச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும், ஏதோ நான் அபசகுனமாகப் பேசிவிட்ட மாதிரி.

அவருடைய சர்வே எண்ணுக்குப் புலப்படம், அதாவது எல்லையும் அளவும் காட்டும் நில அளவை வரைபடம், எடுத்தேன். மனையின் வடக்கு எல்லையை ஒட்டிப் போகும் குறுகலான துண்டுக்குத் தனி எண். எந்த நிலம் என்ன வகை என்று எழுதி வைத்திருக்கும் கிராமத்து 'அ' பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தது. மறுநாள் நேரில் போய்ப் பார்த்தால் வாய்க்கால் இல்லை. இடித்த வீட்டுக் கல்லும் மண்ணும் கொட்டி மேடாகிக் கிடந்தது, அதன்மேல் சீமைக்கருவேலம். மனையின் பட்டா சுத்தமானதுதான், அதில் பொய்யில்லை. ஆனால் பட்டா நிலம் யாருடையது என்று மட்டும்தான் சொல்லும். தண்ணீர் எங்கே போகும் என்று அதில் எழுதியிருக்காது.

நம்ம ஊரின் அமைப்பு அப்படி. வடக்கே சேர்வராயன், நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் நகரம் 280 மீட்டரை ஒட்டி. அவ்வளவு உயரத்தை மழைத்தண்ணீர் கொஞ்ச தூரத்துக்குள் இறங்கி வந்துவிடுகிறது. அதைத் தேக்கித் தேக்கி அனுப்பத்தான் ஏரிச் சங்கிலி. கன்னங்குறிச்சிப் புது ஏரி நிரம்பினால் மூக்கனேரி, இப்படி ஒன்று கோடி போனால், அதாவது நிரம்பி வழிந்தால், அடுத்ததுக்கு. எஞ்சியது திருமணிமுத்தாற்றில் விழுந்து, ஊருக்கு நடுவே ஓடி, நாமக்கல் பக்கம் காவிரியில் சேரும். இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு வாய்க்காலை அடைத்தால் அது யார் வீட்டுக்குள் போகும் என்று 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை காட்டியது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்ற அதே நாட்களில், கீழே ஆற்றோரத் தெருக்களில் முழங்கால் அளவுத் தண்ணீரில் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

"வெள்ளம் வர்ற ஏரியாவுக்குத் தனி பெர்மிட் இருக்காமே, எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள். அந்தப் பெயரில் ஒற்றைக் காகிதம் கிடையாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இருக்கிறது. மனை நீர்நிலைக்கு 15 மீட்டருக்குள், அதாவது சுமார் ஐம்பது அடிக்குள் வந்தால் கேள்விகள் கூடும். அப்படிப்பட்ட இடத்துக்கும், ஏரி வாய்க்காலை ஒட்டிய லேஅவுட்டுக்கும் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். பக்கத்து ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம், கரையின் உச்சி, வெள்ளம் ஏறிய மட்டம், இவற்றோடு உங்கள் மனையின் மட்டத்தை வைத்து எழுதிக் கொடுப்பார்கள். சான்று வந்ததும் அதை ஃபைலில் செருகிவிட்டு எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறோம். நான் சொல்ல வந்ததே இங்கேதான் தொடங்குகிறது.

முதல் பக்கத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று இருக்கும். புரட்டினால் 'கீழ்க்கண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு.' நான் பார்த்த சான்றுகளில் வழக்கமாக வருபவை இவை. மனையை இன்ன மட்டத்துக்கு மண் நிரப்பி, அடுக்கடுக்காக இறுக்கி உயர்த்த வேண்டும். வாய்க்காலுக்குப் புலப்படத்தில் உள்ள அகலத்தைத் தொடாமல் விட வேண்டும். அதன் குறுக்கே சிறு பாலம் போடுவதானாலும் தனி அனுமதி. கழிவுநீரையோ இடிபாட்டையோ அதில் விடக்கூடாது. மீறினால் சான்று ரத்து. வெள்ளத்தில் நட்டமானால் துறையிடம் இழப்பீடு கேட்கக் கூடாது. கடைசி நிபந்தனையை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். தண்ணீர் வரலாம் என்று அவர்களே கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

அந்த 'இன்ன மட்டம்' எங்கிருந்து அளப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். மேஸ்திரி ரோட்டிலிருந்து டேப் பிடிப்பார். ரோட்டுக்குத் தார் போடும்போதெல்லாம் அதுவும் உயர்ந்துகொண்டே போகிறது, பக்கத்துத் தெரு ஒரு மட்டம், இந்தத் தெரு ஒரு மட்டம். கொலுசுக்காரர் மனைக்கு மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவல் கொண்டுபோய் வைத்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "பாட்டி, மழை பேஞ்சா இங்க தண்ணி எதுவரைக்கும் வரும்?" எழுந்து வந்து தெருமுனை மாரியம்மன் கோயிலைக் காட்டினார். "அந்தப் படி இருக்குதுல்ல சாமி, மூணாவது படி. அது முழுகுனா நாங்க ஆட்டைப் புடிச்சுக்கிட்டு மேட்டுக்குப் போயிருவோம்."

மூன்றாவது படியில் ஸ்டாஃபை, அதாவது அளவு குறித்த நெடுங்கோலை, நிறுத்தினோம். மனையின் நடுவில் நிறுத்தினோம். வித்தியாசம் 82 சென்டிமீட்டர். அதாவது பாட்டியின் ஆடு கிளம்பும் நேரத்தில் இவர் மனையில் இரண்டே முக்கால் அடித் தண்ணீர் நிற்கும். இவர் மனதில் வைத்திருந்த அஸ்திவார உயரம் ஒன்றரை அடி. நான் எதுவும் சொல்லவில்லை. அவரே ஸ்டாஃபைப் பார்த்தார், படியைப் பார்த்தார், தன் இடுப்புக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தார்.

சரி, மூன்றரை அடி ஏற்றிவிட்டால் ஆயிற்றா? ஏற்றலாம். அந்த அளவுத் தண்ணீர் பாட்டி வீட்டுக்குப் போகும். வாய்க்காலைத் தோண்டித் திறக்காமல் மனையை மட்டும் ஏற்றுவது பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்கிற துரோகம். இதைச் சொன்னதற்காக என்னை விட்டுப் போன வாடிக்கையாளர்கள் உண்டு.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் அம்மாப்பேட்டையில் ஒரு நெசவாளி வீடு. தரைமட்டத்தை நன்றாக உயர்த்திக் கட்டிக்கொடுத்தேன், எனக்கே பெருமை. வீட்டுக்குள் குழித்தறிக்குக் குழி விட்டிருந்தேன், அது பழைய தரைக்கும் கீழே போனதை யோசிக்கவில்லை. முதல் பெருமழையில் வாசல் படி நனையவில்லை. குழிக்குள் மட்டும் ஊற்று மாதிரி தண்ணீர் கிளம்பி, தறியில் பூட்டியிருந்த பட்டுப் பாவு முழுக்க நனைந்துவிட்டது. அந்த அண்ணன் என்னைத் திட்டக்கூட இல்லை. "இறக்கிக் காயப்போடறேன் தம்பி" என்றார். அதிலிருந்து கழிவறை, செப்டிக் டேங்க், தறிக்குழி, சம்ப் என்று தரைக்குக் கீழே போகும் ஒவ்வொன்றுக்கும் வெள்ள மட்டம் குறித்துத்தான் வரைகிறேன். சாக்கடைக் குழாயில் தண்ணீர் எதிர்த்து ஏறாமல் தடுக்கும் வால்வும் போடுகிறேன். சில ஆயிரம் ரூபாய் வேலை, யாரும் கேட்பதில்லை.

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, சுயசான்று கொடுத்தால் உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல திட்டம்தான், நடையாய் நடந்த எங்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் கணினி கோயில் படியை வந்து பார்க்காது. 'நீர்நிலை இல்லை' என்ற கட்டத்தில் டிக் போடுவது நீங்கள், கையெழுத்தும் உங்களுடையது. நாளைக்கு வாய்க்கால் புறம்போக்கில் சுவர் நிற்கிறது என்று தெரிந்தால் அந்த உடனடி அனுமதி காப்பாற்றாது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் வழி செய்தார்களே, அதிலும் நீர்நிலையில் விழுந்த மனைகளுக்கு இடமில்லை.

ஏற்காட்டில் மனை வாங்குவோருக்கு ஒரே ஒரு சொல். அங்கே தண்ணீர் நிற்காது, மண்ணைக் கூட்டிக்கொண்டு வரும். ஏற்காடு வட்டம், மலைப் பகுதியில் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகிறது. வனம், வேளாண் பொறியியல், கனிம வளம் ஆகிய துறைகளின் கருத்து வேண்டும். புரோக்கர் "காபித் தோட்டத்துக்குள்ள குட்டி ஓடையோட பிளாட்டு" என்று ஆசை காட்டினால், அந்த ஓடையை மார்கழியில் பார்க்காதீர்கள், ஐப்பசி அடைமழையில் போய்ப் பாருங்கள்.

கொலுசுக்காரர் விற்றவரிடம் பேசி விலையைக் குறைத்தார். வாய்க்கால் மேட்டை அளந்து அகற்றித் தரச் சொல்லி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார், பாட்டியும் அதில் கைநாட்டு வைத்திருக்கிறார். சான்று இன்னும் வரவில்லை, வராமல் ஒரு கூடை மண்ணும் எடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். மூன்றாவது படியின் மட்டத்தை மனை முன்னால் உள்ள மின்கம்பத்தில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டிருந்தோம். போன வாரம் போனபோது அதன்மேல் யாரோ காதுகுத்து விழா போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கிழித்துவிட்டு மறுபடி கோட்டைப் போட்டுவிட்டு வந்தேன்.