தை மாதத் தண்ணீரை நம்பிக் கோடை நெல் போடாதீர்கள்

சம்பா அறுப்பு முடிந்ததும் எங்கள் மண், நீர் பரிசோதனைக் கூடத்தில் அதிகம் கேட்கும் கேள்வி, "இன்னொரு நெல்லு போட்டுறலாமா சார்?" என்பதுதான். திருவாடானைப் பக்கம் கண்மாய் நிறைந்து கிடக்கும் வருஷம் என்றால் தாராளமாகப் போடலாம் என்பேன். அது மழைத்தண்ணீர். தொண்டி, உப்பூர், தேவிபட்டினம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் போர்வெல்லை மட்டும் நம்பி இறங்குபவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

ஒரு பெரியவர் தையில் போர்த்தண்ணீர் கொண்டுவந்தார். ஈசி 1.5. தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன்தான் ஈசி; எண் ஏற ஏற உப்பு அதிகம். நெல்லுக்கு ஆகும் என்று எழுதிக் கொடுத்தேன். சித்திரையில் ஒரு குத்துப் பயிரை வேரோடு பிடுங்கி வந்து மேசையில் வைத்தார். நுனியெல்லாம் வெளுத்துக் கருகியிருந்தது. வேரில் ஒட்டிய மண் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. "நீங்கதானே தம்பி நல்ல தண்ணின்னு சொன்னீங்க?" அதே போரின் தண்ணீரை மறுபடி பார்த்தோம். 3.8.

கடலோரத்தில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. மேல்மட்டம் ஓரடி இறங்கினால் அடியிலிருக்கும் உப்புநீர் சுமார் 40 அடி மேலேறும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மோட்டார் ஓட ஓட அதுதான் நடக்கிறது. இதை அவரிடம் தையிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஈசி 2 உள்ள தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் உப்பு இருக்கும். கோடை நெல்லுக்கு ஏக்கருக்கு 40 லட்சம் லிட்டர் பாய்ச்சினால், செய்க்குள் வந்து சேர்வது 5 டன்னுக்கு மேல். 50 கிலோ மூட்டையில் நூறு மூட்டை! தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு எங்கே போகும்? ஐப்பசி மழை வந்து கழுவும்வரை அங்கேதான் கிடக்கும். மழை பொய்த்தால் அடுத்த சம்பாவுக்கும் அடி.

நாற்றிலும் பூக்கும்போதும்தான் நெல் உப்புக்கு மிகவும் நோகும். நடுவில் தூர் கட்டும்போது கொஞ்சம் தாங்கிப் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்துத் தைரியமாக உரம் போடுகிறார்கள், கடைசியில் கதிர் பதராகிறது.

பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களிலிருந்து ஒரே வயலில் வருஷத்துக்கு மூன்று போகம் எடுக்கிறார்கள். நம்மிடமும் 105, 110 நாள் ரகங்கள் உண்டு, கோ 51, ஆடுதுறை 45 என்று. நாள் கணக்கு சரியாகவே வரும். தண்ணீர்க் கணக்குதான் இங்கே இடிக்கிறது.

'உப்பு தாங்கும்' என்று திருச்சி 3 வாங்கிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அது களர் நிலத்துக்காக வந்த ரகம். களர் வேறு, உவர் வேறு. சோடியம் ஏறி இறுகிய மண் களர், கரையும் உப்பு சேர்ந்த மண் உவர். ஜிப்சம் களருக்குத்தான் மருந்து. உவருக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் வேண்டும்.

போர்த்தண்ணீர் சவராக இருந்தால் நெல்லுக்குப் பின் பருத்தி போடுங்கள். நெல்லைவிட இரண்டு மடங்குக்கு மேல் உப்பைத் தாங்கும், நம் பக்கம் பழகிய பயிரும்கூட. உளுந்து போடுவதென்றால் சம்பா ஈரத்திலேயே விளைய விடுங்கள். சவர்த் தண்ணீரை அது தாங்காது.

தண்ணீரைச் சித்திரை, வைகாசியில் ஒரு தடவை எடுங்கள். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து மறுநாளுக்குள் கொண்டுவாருங்கள். போரின் ஆழத்தையும் எடுத்த தேதியையும் பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள். அடுத்த தையில் நெல்லா பருத்தியா என்பதை அந்தத் தண்ணீரின் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் பேசலாம்.