அருகில் நிற்பவரை அறிமுகப்படுத்தும் அலைகள்

திருகோணமலை பஸ் நிலையத்தில் காலையில் நிலாவெளி பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்களுள், கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் கணினி அறிவியல் கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவரும், புறாத் தீவுக்குச் செல்லும் படகுகளின் எஞ்சின்களைத் திருத்தும் மெக்கானிக் ஒருவரும் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். எஞ்சினின் அதிர்வை அளந்து பழுதை முன்கூட்டியே அறிவிக்கும் கருவி ஒன்றைச் செய்துவிட்டு, அதைப் பொருத்திப் பார்க்கப் படகு கிடைக்காமல் இருக்கிறார் முன்னவர். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோகும் தொல்லைக்கு வழி தேடுகிறார் பின்னவர். முகம் பார்த்துப் பழகியும் அவர்கள் பேசியதில்லை. ரயில் மேடைகளில் இத்தகையோரைக் கவனித்த அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம், 1972இல் அவர்களைப் 'பழகிய அந்நியர்' என்று குறிப்பிட்டார். இவர்களுக்கிடையே முதற்சொல்லை எடுத்துக்கொடுக்க முயலும் கருவிகளுக்கு ஏறக்குறைய முப்பதாண்டு வரலாறு உண்டு.

1992 அளவில் கேம்பிரிட்ஜில் இயங்கிய ஒலிவெட்டி ஆய்வுகூடத்தினர், 15 வினாடிக்கு ஒருமுறை அகச்சிவப்புக் கதிரால் தன் எண்ணை அறிவிக்கும் அடையாளப் பட்டைகளை (badge) ஊழியருக்கு அணிவித்தார்கள். அவருக்கு வரும் தொலைபேசி அழைப்பை அவர் இருக்கும் அறைக்கே அனுப்புவது அதன் நோக்கம். 1998இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'லவ்கெட்டி' என்ற, ஜோடி தேடுவோருக்கான கையடக்கக் கருவி, ஏறத்தாழ 5 மீற்றருக்குள் பொருத்தமான இன்னொரு கருவி வந்தால் ஒலி எழுப்பியது. சில ஆண்டுகளின் பின், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஊடக ஆய்வுகூடத்தில் நேதன் ஈகிளும் அலெக்ஸ் பென்ட்லண்டும், கைபேசியின் புளூடூத் எண்ணைச் சேவையகத்திலுள்ள விவரக்குறிப்போடு ஒப்பிட்டு இருவருக்கும் செய்தி அனுப்பும் முறையை உருவாக்கினார்கள். அருகில் இருப்பவர்களை அறிமுகப்படுத்தும் இன்றைய செயலிகளின் அடிப்படை அமைப்பும் அதுவே.

2010இல் புளூடூத்தின் 4.0 பதிப்போடு வந்த குறைசக்தி முறை, 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியை 40 அலைவரிசைகளாகப் பிரித்து, அவற்றுள் மூன்றைத் தன் இருப்பை அறிவிப்பதற்கென ஒதுக்கியிருக்கிறது. அந்த மூன்றும் வைஃபை மிகுதியாகப் பயன்படுத்தும் பகுதிகளைத் தவிர்த்து அமைந்திருப்பது தற்செயலன்று. அந்தப் பதிப்பின் ஓர் அறிவிப்பில் தரவுக்குக் கிடைப்பவை 31 பைட்டுகளே என்பதால், ஒருவருடைய தொழிலும் ஆர்வமும் காற்றில் செல்வதில்லை. தற்காலிக எண் ஒன்றே செல்கிறது.

அந்த எண் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதை அறிவதுதான் சிக்கல். தடையற்ற வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் வந்துசேரும் சக்தி நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது எளிய விதி. ஆனால் மனித உடலில் உள்ள நீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சுவதால், கைபேசி காற்சட்டையின் பின்பையில் இருந்தால் அருகில் இருப்பவரும் தொலைவில் இருப்பவராகத் தெரிவார். தகரக் கூரையும் பஸ்ஸின் உடலும் அலைகளைத் திருப்பியனுப்பி எதிர்மாறான பிழையை உண்டாக்கும். (உப்புக் காற்றைக் குறைசொல்வது நம் ஊர் வழக்கம், அது கருவியின் உலோகத்தை அரிக்குமே தவிர, இத்தனை குறுகிய தூரத்தில் அலையைப் பொருட்படுத்தத்தக்க அளவில் தடுக்காது.) ஆகவே ஓர் அளவீட்டை நம்பாமல், சில நிமிட அளவீடுகளைத் திரட்டி, 'அருகில் நீண்டநேரம் இருந்தார்' என்ற அளவில்தான் நல்ல செயலி முடிவு செய்கிறது. 2020இல் அப்பிளும் கூகிளும் கொவிட் தொற்றுத் தொடர்பை அறியச் செய்த ஏற்பாட்டிலும் சமிக்ஞையின் வலிமையோடு கால அளவும் சேர்த்தே கணக்கிடப்பட்டது. அந்த ஏற்பாட்டில் எண்கள் 10 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறின. ஒருவரை வீதி வீதியாகப் பின்தொடர முடியாதிருக்க, அறிமுகச் செயலிக்கும் அது வேண்டும்.

அருகில் இருப்பவர்களுள் யாரை அறிமுகப்படுத்துவது? இருவருக்கும் பொதுவானவற்றை எண்ணிப் பார்ப்பது போதாது. எவ்வளவு அபூர்வமான பொதுமையோ அவ்வளவு மதிப்பு அதற்கு உண்டு என்ற கருத்தை, ஆவணத் தேடலுக்காக 1972இல் முன்வைத்தவர் பிரித்தானியக் கணினி அறிஞர் கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ். ஆயிரம் பேரில் 500 பேர் கிரிக்கெட்டைக் குறித்திருந்தால், ஆயிரத்தை ஒருமுறை பாதியாக்கினாலே அந்த எண்ணிக்கை வந்துவிடும், மதிப்பு 1. நான்கு பேர் மட்டும் படகு எஞ்சினைக் குறித்திருந்தால் ஏறத்தாழ எட்டுமுறை பாதியாக்க வேண்டும், மதிப்பு 8. ஆனால் பொதுமை மட்டும் பார்த்தால், ஏற்கெனவே ஒரே அறையில் பணியாற்றுபவர்களையே செயலி மீண்டும் மீண்டும் காட்டும். அறிமுகம் வழியாக வேலை பெற்றவர்களைச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் ஆராய்ந்தபோது, அடிக்கடி சந்திப்பவரிடமிருந்து தகவல் பெற்றவர்கள் 16.7 வீதத்தினரே, இடையிடையே சந்திப்பவரிடமிருந்து பெற்றவர்கள் 55.6 வீதத்தினர். எனவே, ஏற்கெனவே நெருங்கியவர்களின் மதிப்பைக் குறைக்கும் ஒரு கழித்தலும் தேவைப்படுகிறது. இதைச் செய்யாத செயலியை நான் பயனுள்ளதாகக் கருதமாட்டேன்.

எப்போது குறுக்கிடுவது என்பதும் கணக்குக்குரியதே. 2009இல் பாலம் திறக்கப்படும் வரை கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் 'பாதை' எனப்படும் மிதவைப் படகுக்காகக் காத்திருந்தாக வேண்டியிருந்தது; இப்போது பஸ் நிற்காமல் கடந்துவிடுகிறது. கையில் நேரம் இருக்கிறதா என்பதைக் கைபேசியில் அசைவை அளக்கும் முடுக்கமானி ஓரளவு உணரும்: நடப்பவரை விட்டுவிட்டு, நின்றிருப்பவருக்கு மட்டும் செய்தி அனுப்பலாம். இருவரும் தனித்தனியே சம்மதித்த பிறகே பெயர் வெளிப்பட வேண்டும். ஒருவர் மறுத்தது மற்றவருக்குத் தெரியவே கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஆட்தொகை போதாவிட்டால் பயனில்லை. நூற்றில் ஒருவர் மட்டுமே செயலியை வைத்திருக்கும் ஊரில், தற்செயலாக எதிர்ப்படும் இருவரிடமும் அது இருப்பதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. பஸ் நிலையத்தில் 200 பேர் நின்றாலும் சராசரியாக இருவரிடமே அது இருக்கும். அப்படி இருவர் மட்டும் இருந்தால் கிடைப்பது ஓர் இணை. அதே 200 பேர் ஓர் ஆய்வரங்குக்கு வந்து, பதிவு மேசையிலேயே ஆளுக்கொரு அடையாளப் பட்டையைப் பெற்றுக்கொண்டால், சாத்தியமான இணைகள் 19,900. அவற்றுள் அபூர்வப் பொதுமை உள்ள சிலவற்றைப் பொறுக்கித் தரச் சாதாரண மடிக்கணினிக்கு ஒரு வினாடிகூடத் தேவையில்லை.