எந்தக் குழாயை முதலில் மாற்றுவது?

2024 ஆகஸ்ட் கடைசியில், அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில் தெற்கு விளிம்பு விடுதிகளில் இரவு தங்குவதை நிறுத்த வேண்டியதாயிற்று. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டிக் கூட்டம் அள்ளும் நேரம் அது. காரணம், தண்ணீர்க் குழாய். அந்தக் கோடையில் மட்டும் நான்கு இடங்களில் உடைந்திருந்தது.

1960-களில் போட ஆரம்பித்த அலுமினியக் குழாய் அது. நீளம் சுமார் 20 கி.மீ. வடக்குச் சரிவில் உள்ள ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றில் தொடங்கி, பள்ளத்தாக்குக்குள் இறங்கி, கொலராடோ ஆற்றைத் தாண்டி மறுபக்கம் போகிறது. அங்கிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். 2010-க்குப் பிறகு 85 முறைக்கு மேல் பெரிதாக உடைந்திருக்கிறது. புதுக் குழாய் வேலை 2023-இல்தான் தொடங்கியது, மதிப்பு 20.8 கோடி டாலர். இத்தனை முறை உடைந்தும் ஏன் இவ்வளவு தாமதம் என்றால், பழுதுபார்க்கக் காத்திருப்பவற்றின் வரிசை அந்தக் குழாய்க்கு முன்னும் பின்னும் நீளம்.

தேசியப் பூங்காத் துறையின் கையில் 430-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. சாலை, பாலம், கழிவுநீர் நிலையம், பழைய கோட்டை, ஊழியர் குடியிருப்பு என்று சொத்துகள் பல்லாயிரம். இவற்றில் நிறைய 1956 முதல் 1966 வரை நடந்த ‘மிஷன் 66’ திட்டத்தில் கட்டியவை. 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் பத்து ஆண்டுகளில் மளமளவென்று கட்டினார்கள். ஒரே காலத்தில் கட்டியதால் எல்லாம் ஒரே காலத்தில் பழுதாகிறது.

சரி, வரிசையில் யார் முன்னால் என்று எப்படித் தீர்மானிப்பது? இரண்டு எண்கள் போதும் என்கிறது துறையின் அடிப்படைக் கணக்கு.

முதல் எண், நிலைமைக் குறியீடு. ஒரு கட்டடத்தில் தள்ளிப்போட்ட மராமத்து வேலைகளுக்கு ஆகும் செலவை, அதே கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவால் வகுக்க வேண்டும். புதிதாகக் கட்ட 10 லட்சம் டாலர், பாக்கி மராமத்து 3 லட்சம் டாலர் என்றால் குறியீடு 0.3. இது 0.1-க்குள் இருந்தால் நல்ல நிலை. 0.5-ஐத் தாண்டினால் படு மோசம்.

இரண்டாவது, முக்கியத்துவ மதிப்பெண், 100-க்கு இவ்வளவு என்று. பூங்காவின் இயற்கை வளத்தையோ வரலாற்றுச் சின்னத்தையோ காக்க இது எவ்வளவு தேவை, பார்வையாளர்களுக்கு எவ்வளவு பயன், பூங்காவின் அன்றாட வேலைக்கு எவ்வளவு பயன், இது போனால் மாற்று உண்டா என்ற கேள்விகளுக்குப் புள்ளி போடுகிறார்கள். குடிநீர்க் குழாய்க்கு மாற்று கிடையாது. மூலையில் கிடக்கும் பழைய கொட்டகைக்கு உண்டு.

இந்த இரண்டையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். மிக மோசமானதற்குத்தான் முதல் பணம் என்று யாரும் நினைப்போம். ஆனால் முக்கியமானதாகவும் நல்ல நிலையிலும் இருப்பதை அப்படியே காப்பதுதான் சிக்கனம். கூரையில் ஓடு மாற்றுகிற காசை மிச்சம் பிடித்தால், பிறகு உத்தரத்தையே மாற்ற வேண்டி வரும். அதனால் நல்லவற்றின் வழக்கமான பராமரிப்பு ஒரு பக்கம், முக்கியமானதும் மோசமானதுமான சிலவற்றுக்குப் பெருந்திட்டம் ஒரு பக்கம். முக்கியத்துவம் குறைந்து மிக மோசமாகக் கிடப்பவற்றை இடித்துவிடலாம் என்கிறது கணக்கு. அதுவும் சும்மா நடக்காது. இடிக்கவும் செலவு உண்டு. பழமையான கட்டடமென்றால் 1966-இன் வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி முதலில் கலந்தாலோசிக்க வேண்டும்.

எண்களை அப்படியே நம்பிவிடவும் முடியாது. 2018 கணக்கில் துறையின் மராமத்து நிலுவை சுமார் 1,200 கோடி டாலர். சில ஆண்டுகளில் அது 2,200 கோடியைத் தாண்டியது. கட்டுமான விலை ஏறியது உண்மைதான். ஆனால் மதிப்பிடும் முறையும் மாறியது. வடிவமைப்பு, மேற்பார்வை போன்ற செலவுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். கட்டடங்கள் இரண்டு மடங்கு சிதைந்துவிடவில்லை, அளவுகோல் மாறியிருக்கிறது. நிலுவைத் தொகையைப் பார்த்துத் துறையைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

பணம் வரும் வழியும் சீராக இல்லை. நுழைவுக் கட்டணத்தில் பொதுவாக 80 சதவீதமாவது வசூலித்த பூங்காவிலேயே தங்க வேண்டும் என்கிறது 2004-ஆம் ஆண்டுச் சட்டம். கட்டணம் வசூலிக்கும் பெரிய பூங்காக்களுக்கு இது நல்லது. ஆனால் நாட்டிலேயே அதிகம் பேர் போகும் தேசியப் பூங்காவான கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸில் நுழைவுக் கட்டணமே இல்லை. 2023-இல்தான் வண்டி நிறுத்தக் கட்டணம் வந்தது.

2020 ஆகஸ்டில் கையெழுத்தான ‘கிரேட் அமெரிக்கன் அவுட்டோர்ஸ்’ சட்டம் இதில் பெரிய மாற்றம். கூட்டாட்சி நிலத்திலும் கடலிலும் எடுக்கும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, மாற்று எரிசக்தி மூலம் வரும் வருவாயில், வேறு எதற்கும் ஒதுக்காமல் கருவூலத்துக்குப் போகும் தொகையில் பாதியை மராமத்து நிலுவைக்கு ஒதுக்கியது. ஆண்டுக்கு அதிகபட்சம் 190 கோடி டாலர், ஐந்து ஆண்டுகளுக்கு. தேசியப் பூங்காத் துறைக்கு 70 சதவீதம், வனத்துறைக்கு 15, மீன்-வனவிலங்குத் துறை, நில மேலாண்மைப் பணியகம், பூர்வகுடிகளின் பள்ளிகளை நடத்தும் பணியகம் ஆகியவற்றுக்குத் தலா 5. பூங்காக்களின் நிலுவையில் சாலைகளின் பங்கு மிகப் பெரியது என்றாலும், பணம் முழுவதும் தார் போடுவதிலேயே கரைந்துவிடக் கூடாதே. அதனால் 65 சதவீதமாவது சாலை அல்லாத வேலைகளுக்கு என்று சட்டமே சொல்லிவிட்டது. புது நிலம் வாங்கவும் இந்தப் பணத்தைத் தொட முடியாது.

எனக்கு இதில் ஒரே குறைதான். கட்டடத்தின் மறுகட்டுமான மதிப்பில் ஆண்டுதோறும் 2 முதல் 4 சதவீதம் பராமரிப்புக்கு வேண்டும் என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1990-லேயே சொல்லியிருக்கிறது. 2020 சட்டமோ நிலுவையில் கிடக்கும் பழுதுகளைத் தீர்க்க மட்டுமே பணம் தந்தது. அந்தச் சட்டம் வகுத்த ஏற்பாடும் 2025 நிதியாண்டு வரைதான் இருந்தது. சீர்செய்ததை அடுத்தடுத்த ஆண்டுகளில் பார்த்துக்கொள்ளும் செலவு, நாடாளுமன்றம் வருடா வருடம் வாக்களித்துத் தரும் வழக்கமான ஒதுக்கீட்டிலிருந்துதான் வர வேண்டும்.